குறை எழுதத் தெரியாத அலுவலகம்

ஜூன் 6

அக்கா,

போனில் பேசினால் நான் அழுவேன், நீ கத்துவாய், கடைசியில் இரண்டு பேரும் "சரி, சாப்டியா" என்று கேட்டு முடித்துக்கொள்வோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவக் குழு உன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. அதை நீ எனக்குச் சொன்ன விதம்: "ஃபிட்டுன்னு சொல்லிட்டாங்க." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீ அனுப்பிய நகல்களை முழுக்கப் படித்தேன். அச்சுப்பிழை திருத்திப் பிழைக்கிறவள், வேறெப்படிப் படிப்பேன்? உன் நரம்பு டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார்: உடம்பில் சூடு ஏறினால் கண்ணில் புகை படிகிறது, இடது கால் இழுக்கிறது, கைப்பிடி தளர்கிறது, இது கூடுமே தவிரக் குறையாது. அடுத்த தாளில் உன் அதிகாரி எழுதியிருக்கிறார்: "வெயில் மழை பாராமல் உழைக்கும் இவரைப் போன்ற நில அளவையர் கிடைத்தது துறையின் பாக்கியம்." வெயில் பாராமல்! உனக்கு எதிரியே வெயில்தானே அக்கா. இந்த இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து அனுப்பினால், எந்தக் குழுதான் உனக்கு ஓய்வு கொடுக்கும்?

அவர்கள் அழைத்த அன்று நீ இஸ்திரி போட்ட உடையில், கைத்தடியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாயாம். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் "அழுக்காவா போறது?" என்பாய்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். முடியாமல் போய் நீயாக வேலையை விட்டால், ஓய்வூதியம் கிடையாது, மருந்துச் செலவுக்கான அரசுக் காப்பீடும் கிடையாது. உன் வேலையைச் செய்ய உன் உடம்பு இடம்கொடுக்கவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டு அனுப்பினால், இரண்டும் உண்டு. உனக்குப் போடும் அந்த ஊசியின் விலை, நம் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் எட்டாது. மேல்முறையீட்டுக்கு ஆகஸ்ட் முடியும் வரை நேரம் இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று இதைத் திரும்பப் படித்தேன். கோபமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

உன்
வாலு

*

ஜூன் 14

அடியே வாலு,

அழுக்காவா போறது?

அந்த அறையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? ஏ.சி. போட்டு ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருந்தார்கள். நேரமோ காலை. அந்தக் குளிரில் நான் ராஜாத்தி. மூக்கைத் தொடு என்றார்கள், தொட்டேன். கோட்டின் மேல் நட என்றார்கள், நடந்தேன். என் வாழ்க்கை முழுக்கக் கோடு போட்டவள், கோட்டின் மேல் நடக்க மாட்டேனா? அந்த டாக்டரம்மா "வெரி குட்" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எனக்கு யாரும் "வெரி குட்" சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், வெளியே வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசலில் நின்றிருந்த குடைக்காரண்ணன்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்க பரீட்சைல பாஸாகிட்டு வந்துட்டீங்க. இது ஃபெயிலாக வேண்டிய பரீட்சை!"

அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? கருவியை முக்காலியில் ஏற்றி வைத்ததும் அதன் மேல் வெயில் படாமல் பெரிய குடை பிடிப்பது அவர் வேலை. வெயில் பட்டால் உள்ளே இருக்கும் நீர்மட்டக் குமிழி நகர்ந்துவிடும், அளவு தப்பும். இப்போதெல்லாம் குடை மெல்ல என் பக்கம் சாய்ந்துவிடுகிறது. "அண்ணே, கருவிக்குப் பிடிங்க" என்றால், "கருவி வேற வாங்கிக்கலாம் மேடம்" என்கிறார்.

எங்கள் அதிகாரியைத் திட்டாதே. ரப்பர் சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவருக்கும் தெரியும். அலுவலகத்தில் யார் மேஜையில் அழிக்கும் ரப்பர் இருந்தாலும் பிடுங்கிக்கொள்வார். அளந்ததை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட மனிதர் என்னைப் பற்றி மனசார எழுதியது அது. அதைப் போய்ப் பிழை என்கிறாய்.

மேல்முறையீடு எல்லாம் வேண்டாம். எனக்கு வரைபட அறையில் இடம் கொடுத்துவிட்டார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே. இனி வெயிலும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. மற்றவர்கள் அளந்து கொண்டுவருவதை உட்கார்ந்து வரைய வேண்டியதுதான். வேலையும் போகவில்லை, மருந்தும் போகவில்லை. போதுமா?

பஸ்ஸில் ஒழுங்காகப் பார்த்து இறங்கு.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

மின்விசிறிக்கு நேர் கீழே என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நிஜமாகத்தான். இருந்தாலும் இரவல் நிம்மதி மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நுண்ணிய கோடுகளை நாள் முழுக்கப் பார்க்கிற வேலை அது. உன் கண்ணில் புகை படிவதற்கு வெயில் மட்டும்தான் காரணமா? களைத்தாலும் அப்படித்தான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரே. என் தொழிலில் ஒன்று உண்டு: எழுதியவருக்குத் தன் பிழை கண்ணில் படாது. கண் கோளாறு இல்லை அது. என்ன எழுதினோம் என்று மனசுக்குத் தெரிவதால், கண் அதையே பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உன் கோடுகளை யார் பார்க்கிறார்கள்?

விதிகளை இன்னொரு முறை படித்தேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிப் பார்த்து, அதுவும் சரிப்படவில்லை என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தால், உன் பக்கம் வலுவாகும். அதனால் இந்த வரைபட அறை உனக்கு எதிரி இல்லை. நடப்பது நடந்தபடி தாளில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் கால் இழுப்பது குடைக்காரருக்குத் தெரியும், ரப்பர் சாருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் டாக்டர் நோய்க்குப் பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது. நான் ஊருக்கு வந்தபோதெல்லாம் நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் என்னை அதிகாரம் செய்ததை, அக்காவின் திமிர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

எனக்கு மட்டும் ஏன் அக்கா?

வாலு

*

ஜூலை 15

மேடத்தின் தங்கைக்கு,

இது மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. நான்தான் குடை பிடிக்கிறவன். மேடத்துக்கு ஒரு வாரமாகக் கண் தெளியவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எழுதச் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன். இனி வருவது அவர்கள் வார்த்தை.

வாலு, என் கையெழுத்து அழகாகிவிட்டதே என்று பார்க்காதே. அண்ணன் கை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு நாளாயிற்று. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவள் என்று ஊரே என்னைச் சொல்கிறது. உன் முன்னால் மட்டும் எனக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான். (இந்த இடத்தில் மேடம் மூக்கைச் சிந்தினார்கள். எழுதாதீங்க அண்ணே என்றார்கள். எழுதிவிட்டேன்.)

வரைபட அறையில் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கோடுகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு யாரும் தேவையில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்று வரை, என் அளவில் ஒரு பிழைகூட

தங்கச்சி, இதற்கு மேல் எழுத எனக்குக் கை ஓடவில்லை. மேடம் "ஏன் நிறுத்திட்டீங்க, எழுதுங்க" என்றார்கள். "கொஞ்சம் இருங்க மேடம்" என்றேன். "பிழைகூட வந்ததில்லைன்னு எழுதுங்க" என்றார்கள். நான் மற்ற விஷயத்தில் எப்படியோ, எழுத்தில் பொய் வைத்ததில்லை. அதனால் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு மேடம் அளந்த நிலங்களை எல்லாம், ஞாயிற்றுக்கிழமையில் நானும் புதிதாக வந்திருக்கும் அளவையர் பெண்ணும் போய் இன்னொரு முறை அளந்துவிட்டு வருகிறோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில இடத்தில் மட்டும் இருக்காது. அந்தப் பெண் திருத்தி வைத்துவிடும். இப்போது வரைபடத்தையும் அப்படித்தான் பார்க்கிறது. போன வாரம் ஒரு தையல்காரம்மா வீட்டின் பின்னறை, மேடம் வரைந்த கோட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. திருத்தியாகிவிட்டது. அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மேடம் கைத்தடியைத் தடவி எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் "எல்லா ஞாயித்துக்கிழமையுமா அண்ணே?" என்று கேட்டார்கள். "வேற என்ன வேலை மேடம் நமக்கு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

கடிதத்தை இதோடு அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
குடைக்காரன்

*

ஜூலை 20

அக்கா,

குடைக்காரர் எழுதிய கடிதம் வந்தது. மேல்முறையீடு பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இருக்காது.

நேற்று ஒரு சமையல் புத்தகத்தின் மெய்ப்பு பார்த்தேன். "உப்பு தேவையான அளவு" என்பது "உப்பு தேவையான அழகு" என்று வந்திருந்தது. திருத்த மனசே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் திருத்தினேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உன் முன்னால் எனக்கும் வேறு மாதிரி இருக்கத் தெரியாது. எப்போதும் தங்கைதான். நீ உட்கார்ந்தபடியே இன்னும் அதிகாரம் செய். ஆனால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடைக்காரருக்கு என் வணக்கம். அவர் கையெழுத்து நிஜமாகவே அழகு.

வாலு

*

ஆகஸ்ட் 9

வாலு,

பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், தாள் நிறையப் போகும். கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

அந்தத் தையல்காரம்மா வீட்டுத் தெரு வழியாகப் போனேன். ஜன்னல் வழியே மிஷின் சத்தம் கேட்டது. பின்னறையில் உட்கார்ந்துதான் தைக்கிறாள். கதவைத் தட்டி "உங்க அறை பத்திரமா இருக்கு"ன்னு சொல்லவா முடியும்? நின்றுவிட்டு வந்துவிட்டேன். கால் இழுப்பதும் கைப்பிடி தளர்வதும் என் பாடு என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். என் கோட்டை நம்பி ஒருத்தி தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது. இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்பதும்.

மறுநாள் காலையில் ரப்பர் சார் அறைக்குப் போனேன்.

"சார், நீங்க எழுதின சான்றுல ஒரு பிழை இருக்கு."

"என் எழுத்துலயா?" மனிதர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

"'வெயில் மழை பாராமல்'னு இருக்கு. வெயில் என்னைப் பாக்காம இருக்கத்தானே அண்ணன் குடை பிடிச்சார்."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "உன்னைப் பத்திக் குறை எழுத எனக்குக் கை வராதும்மா. வேற யாரையாவது எழுதச் சொல்றேன்."

"குறை எழுத வேணாம் சார். அளவு எழுதுங்க. என்னால எவ்வளவு தூரம் நடக்க முடியும், எவ்வளவு நேரம் கோட்டைப் பாக்க முடியும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"ஞாயித்துக்கிழமை விஷயம் தெரிஞ்சு போச்சா?"

"உங்களுக்கும் தெரியுமா சார்?"

"ஜீப்புக்கு டீசல் யாரு கையெழுத்துல போகுதுன்னு நெனச்ச?" என்றார். "உன் வேலை நல்லா இருந்துச்சும்மா. அதனாலதான் அதைக் காப்பாத்தணும்னு தோணிச்சு."

எவ்வளவு பாசமான ஆட்கள் பார்! எல்லாரும் சேர்ந்து என்னை மிக நல்ல ஊழியராக வைத்துக் காப்பாற்றி, எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் செய்துவிட்டார்கள். சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வேலையை ஆரம்பித்தோம்.

பழைய சான்றைக் கிழிக்க மாட்டேன் என்றார், கொள்கை. அலுவலக நகலை எடுத்து, "வெயில் மழை பாராமல்" என்பதை மட்டும் ஒரே கோடாக அடித்துக் கையெழுத்துப் போட்டார். மற்ற புகழ்ச்சியை விடவில்லை. அதற்குக் கீழே நான் சொன்னதை எல்லாம் எழுதினார். வெயிலில் கொஞ்ச நேரத்தில் எண்கள் மறைவது, முக்காலியைத் தூக்க முடியாதது, மதியத்துக்கு மேல் இரண்டு கோடு ஒன்றாகத் தெரிவது, எல்லாமும். என்னால் முடியாது, என்னால் முடியாது என்று ஒரு காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாக்கு புண்ணாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நடுவில் டீ வந்தது, குடித்துவிட்டுத் தொடர்ந்தோம். கடைசியில் திருத்திய அளவுகளின் விவரத்தையும் இணைக்கச் சொன்னேன். அதற்குத்தான் அவர் ரொம்ப யோசித்தார். "உன் பேருக்கு" என்று ஆரம்பித்தார். "என் பேரு கெட்டாப் பரவாயில்ல சார், சுவரு சரியா இருக்கணும்" என்றேன்.

மேல்முறையீடு போயிற்று. செப்டம்பரில் கூப்பிடுவார்களாம், மதிய வேளைக்குக் கேட்டிருக்கிறேன். நீ கூட வர முடியுமா?

அக்கா

*

செப்டம்பர் 24

அக்கா,

திரும்பி வந்து சேர்ந்தேன். அறை அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்ததும், யாரும் இல்லாத அறையின் அந்த அமைதி எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த முறை அது வெறும் பூட்டியிருந்த அறையாக இருந்தது.

நீ உள்ளே பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். கைத்தடியோடு, வெயிலில் நடந்து வந்த களைப்போடு நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். அவர்கள் கேட்கக் கேட்க, "முடியாது", "அதுவும் முடியாது" என்று சொன்னாய். நான் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று. ஆனால் உன் குரல் நீ அளவு படிக்கிற குரலாக இருந்தது. பிசிறில்லாமல். "வெரி குட்" சொன்ன அந்த டாக்டரம்மா ரப்பர் சாரின் தாளை இரண்டு முறை படித்தாள். அடித்த கோட்டின் மேல் விரலை வைத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் என் தோளில் தூங்கினாய். சின்ன வயதில் நான்தான் உன் தோளில் தூங்குவேன். உன் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இனி எழுதப்போவதற்கு நீ உடனே பதில் போட வேண்டாம். என் வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டின் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நல்ல துணையாக இருப்பேனா என்று தெரியவில்லை. எனக்குத் தனிமை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். பேசிக்கொண்டே இருக்கும் ஆட்கள் எனக்குச் சலிக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுமை என்னிடம் இருக்கிறதா என்று நானே சோதித்ததில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு "வர்றேன்" என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. நம் குடும்பத்தில் ஒருத்தி நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டது போதும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் வரச் சொல்வாயா?

வாலு

*

நவம்பர் 3

வாலு,

உத்தரவு வந்துவிட்டது. "பணியின் கடமைகளை ஆற்ற இயலாத நிலை." இந்த வரியைப் படித்து ரப்பர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், குடைக்காரண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒருத்திக்கு முடியாது என்று எழுதி வந்ததற்கு இப்படிக் கொண்டாடிய அலுவலகம் வேறு இருக்காது. ஓய்வூதியம் உண்டு. சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஊசிக்குக் காப்பீடு தொடரும். வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் முடியாமல்தான் இருக்கிறேன் என்று டாக்டரிடம் வாங்கி அனுப்ப வேண்டுமாம். மறந்துபோய் நன்றாகிவிடக் கூடாது, பார்.

இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. அந்த அளவையர் பெண்ணிடம் என் மேஜையை ஒப்படைத்தேன். "ஞாயித்துக்கிழமை இனி என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன். "தூங்குவேன் மேடம்" என்றாள், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

உன் கேள்விக்கு உடனே பதில் வேண்டாம் என்றாய். பல நாள் எடுத்துக்கொண்டேன். முன்னறையில் உன் மேஜை ஜன்னலுக்கு எதிரே வரும்படி இடம் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது, போடச் சொல்லிவிட்டேன். சாத்திக்கொள். எனக்கும் நாள் முழுக்க ஒருத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உனக்குப் பொறுமை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? நீ பால் காய்ச்சும்போது அடுப்பிடம் காட்டிய பொறுமையைப் பார்த்தவள் நான்.

நீ வருவதற்கு முன்னால் ஒன்று மட்டும். உள்ளே ஏதாவது விழுந்த சத்தம் கேட்டால் எழுந்து ஓடி வராதே. பெரும்பாலும் டம்ளராகத்தான் இருக்கும். சட்டைப் பித்தானை நானே போட்டுக்கொள்கிறேன், நேரமானாலும் ஆகட்டும். நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டிரு. காதைக் கதவில் வைக்காதே.

முடியாத போது கூப்பிடுகிறேன்.

கூப்பிடுவேன், வாலு.

அக்கா